ஐந்தாண்டுக் கட்டாயம்

பல்லாவரம் பயிற்சி மையத்தில் அட்மிஷன் நாள். இரும்புலியூரிலிருந்து வந்த ரூபியும், காலேஜ் முடித்த அவள் மகன் ஆல்வினும் கிளார்க் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“புது சட்டத்திருத்தம் தெரியும்ல மேடம்? கவர்மென்ட் ஸ்காலர்ஷிப்ல படிச்சா அஞ்சு வருஷம் கவர்மென்ட் வேலை பார்த்தே ஆகணும். எந்த ஊர்ல போட்டாலும் போகணும்.”

“போக வேண்டியதுதான் சார்,” என்றாள் ரூபி.

ஆல்வின் முகம் வாடியது. “மலை மேல எங்கயாவது தூக்கிப் போட்டா?”

“அங்கயும் ஜனங்க இருக்காங்கல்லடா?”

கிளார்க் சிரித்தார். “நீங்க சுலபமா சொல்லிடுறீங்க மேடம். தனியா கெடந்து கஷ்டப்படப் போறது பிள்ளைதானே?”

“அது ஒண்ணுதான் சார் எனக்குக் கவலை.”

விண்ணப்பத்தை ஆல்வின் பக்கம் நகர்த்தினார் கிளார்க். “மாணவர் கையெழுத்து இங்க போடுப்பா.”

ரூபி அதை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

“மேடம், அது ஸ்டூடண்ட் போடுற இடம்!”

“அதே திருத்தத்துல வயசு வரம்பையும் எடுத்துட்டாங்களே சார்.”

கிளார்க் அவளையே பார்த்தார். பிறகு, பாதுகாவலர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை ஆல்வினுக்குக் காட்டினார்.

போட்டுவிட்டு ஆல்வின் மெதுவாகக் கேட்டான்:

“ஹாஸ்டல்ல ஞாயித்துக்கிழமை வந்து பார்க்க விடுவீங்களா சார்?”