சம்மணம் போடாத ஒன்பது லட்சம் பேர்

"தரையில சம்மணம் போட்டு உட்காருவீங்களா?"

ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்றியவர்களின் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் ஜெசிந்தா, காலையிலிருந்து நாற்பதாவது ஆளிடம் இதைக் கேட்டாள்.

"ஐயோ, இல்லவே இல்ல," என்றாள் செண்பகவடிவு. வைத்து நாலே வருஷமான செயற்கை மூட்டு ஆடிப்போய், அவள் முழங்கால் தேங்காய் கணக்காக வீங்கியிருந்தது.

முப்பத்திநாலு நாட்டு நோயாளிகளின் தகவலைச் சேர்த்துக் கணக்குப் போடும் கணினித் திரையோ, தரையில் உட்காராதவளின் மூட்டு இன்னும் இருபத்திரண்டு வருஷம் உழைக்கும் என்று சாதித்தது. அது தலையாட்டாமல் மறு ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்காது.

"அம்மா, ஒங்க கால்ல விழுதேன். உண்மையச் சொல்லுங்க, நாளைக்கே தேதி வாங்கித் தாரேன்."

"உட்காருவேன்னு சொன்னா பெரிய டாக்டர் ஏசுவாருல்லா?"

"அந்த ஏச்ச நான் வாங்கிக்கிடுதேன்!"

செண்பகவடிவு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சோறு திங்க மட்டும்தான். பொறவு, காய் நறுக்க. சீரியல் பாக்க."

ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு 'ஆமாம்' என்று பதிந்தாள். உடனே திரையில் பதில் வந்தது.

'உங்கள் பகுதியில் பதில் சொன்ன ஒன்பது லட்சம் பேரில் ஒருவர்கூடத் தரையில் உட்காருவதில்லை. இது பதிவுப் பிழை. நீக்கப்பட்டது.'

தலையில் அடித்துக்கொண்டு நிமிர்ந்தாள் ஜெசிந்தா. வெளியே கூடத்தில் நாற்காலிகளில் ஆளுக்குப் பதில் பைகள்தான் உட்கார்ந்திருந்தன. மூட்டு மாற்றிய அத்தனை பேரும் தரையில் சம்மணம் போட்டு, வட்டமாக உட்கார்ந்து, சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.