கொள்ளுத்தாத்தாவைப் பெத்தவ

இரண்டு பெண்டாட்டிகளை அடித்து விரட்டிய கூடலூர்ச் சங்கிலிக்கும் சோணையம்மாளுக்கும் மறுநாள் வெற்றிலை மாற்றுவதாக இருந்தது. மணப்பெண்ணோ சிலேட்டில் வம்சம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தாய் மலையம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“அய்யா, ஒங்க கொள்ளுத்தாத்தாவப் பெத்தது வெள்ளையம்மா. அவுக தங்கச்சி பெத்த மகன்தான் மாப்பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா. அக்கா தங்கச்சி மக்க என்ன முறை?”

“அண்ணன் தம்பி” என்றார் அவள் தகப்பன் நல்லகண்ணு.

“அப்ப அந்த ஆளு ஒங்களுக்குத் தம்பி. எனக்குச் சித்தப்பா.”

நல்லகண்ணு விரல் மடக்கி எண்ணினார். தலை கிறுகிறுத்தது. பங்காளிகளைக் கேட்டார். இல்லையென்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

“சித்தப்பனுக்கா பொண்ணு குடுப்பேன்? ஊரு காறித் துப்பாது?” என்று வண்டியைக் கூடலூருக்கு விரட்டினார், சம்பந்தத்தை முறிக்க.

வண்டி போனதும் மலையம்மாள் கேட்டாள்: “நானும் வாக்கப்பட்டு வந்து இருவது வருசமாச்சு. யாருடி அந்த வெள்ளையம்மா?”

“எனக்கென்ன தெரியும், ஆத்தா? பங்காளிகளக் கேட்டேன், ஏழு தலைமுறைக்கு ஆம்பளைக பேரச் சொன்னாக. பெத்தவ பேரக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. அதான், அக்காளும் தங்கச்சியுமா ரெண்டு பேர நானே பெத்துக்கிட்டேன்.”