மூடியைத் திறக்காதீங்க

"அக்கா, மூடியைத் திறந்தீங்களா?"

தையல்காரி அவசரமாகத் தட்டை மறுபடி பாத்திரத்தின் மேல் கவிழ்த்தாள். ஃபோன் ஸ்பீக்கரில் போட்டபடி உப்பு டப்பாவின் மேல் சாய்ந்திருந்தது. அதற்குக் கண் கூட முளைத்துவிட்டதா என்ன?

"இல்லையே."

"சத்தம் கேட்டுச்சே."

"உறையுதான்னு சும்மா எட்டிப் பார்த்தேன், டீச்சரம்மா."

"பாலை உறைய வைக்கிற ரென்னட் சொட்டு விட்டா முக்கால் மணி நேரம் அது பக்கமே போகாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? உறையும்போது அசைச்சா அவ்வளவுதான், எல்லாம் பாழ்."

டீச்சரம்மா என்பது தையல்காரி வைத்த பெயர். நிஜப் பெயரைக் கேட்டால் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். மூன்று வாரத்துக்கு முன், கடைப் பலகையில் நம்பரைப் பார்த்ததாகச் சொல்லி, சின்னப் பெண்ணுக்குக் கவுன் தைப்பீர்களா என்று ஃபோனில் கேட்டவள். துணியும் வரவில்லை, அளவும் வரவில்லை, பேச்சு மட்டும் வளர்ந்தது. தையல்காரி தன் மகளைப் பற்றிச் சொல்லி அழுதபோது, "சீஸ்தானே? நான் சொல்லித் தர்றேன்கா" என்று அவளாகவே ஆரம்பித்தாள்.

மகளுக்கு ஒன்பது வயது. புருஷன் விட்டுப் போய் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டபோது மூன்று. கோர்ட் குழந்தையை அவனிடமே கொடுத்துவிட்டது. பெற்றவளுக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாளும் மகள் சோபா நுனியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பாள். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கூப்பிடாமலே சமாளிப்பாள். எதைச் செய்து வைத்தாலும் "பசிக்கலை" என்பாள். போன முறைதான், கிளம்பும் நேரத்தில், "சீஸ் இருக்கா? கடையில வாங்கினது வேண்டாம்" என்று கேட்டாள். ஆறு வருடத்தில் அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

மாதக்கணக்கில் கெடாத பெட்டிப் பாலில் செய்த முதல் சீஸ் உறையவே இல்லை. வெட்கப்பட்டு வேறு யாரிடமும் மூச்சு விடாமல் அதைச் சாக்கடையில் கொட்டினாள். டீச்சரம்மா மட்டும் கேட்டு, இருமல் வரும்வரை சிரித்தாள். இரண்டாவது, செருப்புக்கு அடித்தோல் போடலாம் போல வந்தது. இது மூன்றாவது.

"நாளைக்கு வர்றா. நாளைக்கும் தொடலைன்னா என்னால தாங்க முடியாதும்மா. பெத்தவ கையால ஒரு வாய் வாங்க மாட்டேங்குறா. எல்லாம் அவ பண்ற வேலை."

"யாரு?"

"அந்த வீட்ல இருக்காளே ஒரு மகராசி! புருஷன் போனா போறான், பீடை ஒழிஞ்சுதுன்னு இருந்துட்டேன். என் பொண்ணையும்ல மயக்கி வெச்சிருக்கா. அவ நல்லா இருப்பாளா? நீங்களே சொல்லுங்க, அவ நல்லா இருப்பாளா?"

மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"இருக்க மாட்டாக்கா" என்றாள் டீச்சரம்மா. "நேரமாச்சு, கத்தியை எடுங்க. உள்ள விட்டு லேசா நெம்புங்க. பிளந்த இடத்துல என்ன தெரியுது?"

"தண்ணி. தெளிஞ்ச தண்ணி!"

"அப்போ உறைஞ்சிடுச்சு."

தையல்காரி சின்னப் பெண் மாதிரி ஒரு குதி குதித்தாள். கட்டம் கட்டமாக வெட்டி, மெல்லிய துணியில் கொட்டி வடித்தாள். துணி விஷயத்தில் அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"உப்பு ரெண்டு ஸ்பூன்."

"ரெண்டா? கரிக்காது?"

"சொன்னதைக் கேளுங்கக்கா. போட்டுப் பிசறி, மூட்டையா கட்டி, மேல பாரம் வைங்க. காலையில வரைக்கும் இருக்கட்டும்."

"இஸ்திரிப் பெட்டி வைக்கட்டுமா?"

"ஐயோ, ஆறினதா பார்த்து வைங்க! இனிமே நீங்க தனியாவே செஞ்சிடுவீங்க."

"நான் எதுக்குத் தனியா செய்யணும்? அடுத்த மாசமும் நீங்க லைன்ல இருப்பீங்கல்ல?"

"ஆள் வந்துட்டாங்க, வெச்சிடுறேன்கா."

மறுநாள் காலை மகளை வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வராமலே அப்பன் போய்விட்டான். தையல்காரி தட்டில் நான்கு துண்டு வைத்து, சோபாவின் பக்கத்தில் தள்ளிவிட்டு, பார்க்காத மாதிரி மெஷினில் நூல் கோக்க ஆரம்பித்தாள். நூல் ஊசிக் காதுக்குள் போகவே இல்லை.

மகள் ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள். கடித்தாள். பிறகு இரண்டாவது. மூன்றாவதை எடுத்தபோது தையல்காரிக்குக் கண் மறைத்தது.

"நல்லா இருக்கா, கண்ணு?"

"ம். உப்பு சரியா இருக்கு." மகள் நிமிர்ந்து பார்த்தாள். "முதல்ல பெட்டிப் பால்ல செஞ்சு கொட்டிட்டீங்களாமே?"

"அடி கள்ளி! யாரு சொன்னது உனக்கு?" தையல்காரி சிரித்தே விட்டாள்.

"எங்கம்மாதான்" என்றாள் மகள், நான்காவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு. "ஆஸ்பத்திரியில அவங்களால கையைத் தூக்க முடியாது, அதனால உங்ககூடப் பேசும்போதெல்லாம் நான்தான் காதுல ஃபோனைப் பிடிச்சுக்குவேன். அவங்க செத்துப் போனதுக்கப்புறம் பசிச்சா, உங்களை அம்மான்னு கூப்பிட்டுக் கேக்கணும்னு சொல்லியிருக்காங்க."