தற்செயல் இல்லை

கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் வைத்திலிங்கத்துக்குக் கொஞ்ச நாளாகச் சோறு இறங்கவில்லை.

கோட்டுச்சேரியில் அவர்கள் தெருவில் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடைக்காது. பக்கத்து வீட்டு ரஞ்சித்குமார் தன் வீட்டு மொட்டை மாடியில் நின்றுதான் "ஹலோ, ஹலோ" என்று கத்துவான். சத்தம் கேட்டதும் இவர் திருத்திக்கொண்டிருக்கும் விடைத்தாளைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவார். சொல்லி வைத்தாற்போல் இவர் மனைவி மங்கையர்க்கரசி, தலையில் பூவோடு, துணி எடுக்க வெளிப்பக்க மாடிப்படி ஏறுவாள். அவன் வராத சாயங்காலங்களில் துணி மறுநாள்வரை கொடியிலேயே கிடக்கும்.

மனசுக்குள் சோதனை போட்டுப் பார்த்தார். அவன் வருவது பாதி நாள்தான். தற்செயல் என்றால், அவள் மாடி ஏறும் நாட்களிலும் ஏறக்குறைய பாதியில்தான் அவன் இருக்க வேண்டும். அவள் ஏறிய எல்லா நாளும் இருந்தான். தற்செயல் என்ற கருதுகோளை ஐந்து சதவீத அளவில் நிராகரித்தார்.

ஒருநாள் கேட்டே விட்டார்.

"நீ மாடிக்குப் போறது தற்செயல் இல்ல, அரசி. கணக்குப் பாத்துட்டேன்."

"கணக்கு சரிதாங்க."



"அப்ப அவனப் பாக்கத்தான் போறியா?"

"எவன? ரஞ்சித்தயா? அவன் கத்துற கத்துல காதுதான் வலிக்குது." சிரித்தவள், சட்டென்று தலைகுனிந்தாள்.

"விடைத்தாள கீழ வச்சுட்டு நீங்க என்னை நிமிந்து பாக்குறது அந்த ஜன்னல்லேர்ந்து மட்டுந்தாங்க. நீங்க வந்து நிக்கிறதப் பாத்துட்டுத்தான் நான் படியே ஏறுறேன்."