பெட்டி திறந்த நேரம்

அரசு காப்பீட்டுப் பட்டியலில் டாக்டரின் பெயர் இருந்தால்தான் மருந்துப் பெட்டி திறக்கும். மூன்று மாதத்துக்கு முன்பு டாக்டர் பூங்கோதை ஒரு பிரசவத்துக்காக வெளியே போயிருந்தபோது, ஆய்வு ட்ரோன் வந்து பூட்டிக் கிடந்த கிளினிக்கைப் பார்த்துவிட்டுப் போனது. ‘இயங்கவில்லை’ என்று எழுதி அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த மலைக்கே அவள் ஒருத்திதான் டாக்டர் என்று சொல்லப் படிவத்தில் கட்டம் இல்லை.

இன்றைக்கு மறு ஆய்வு. எந்த நேரத்திலும் வரலாம். காலையிலிருந்து அவள் நாற்காலியை விட்டு நகரவில்லை.

மூன்று மணிக்குக் குமுதாவின் கணவன் சடையப்பன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“டாக்டரம்மா, குமுதாவுக்கு வலி வந்திருச்சு. ரத்தமா போவுது. சீக்கிரம் வாங்க!”

பூங்கோதை பாதி எழுந்தாள். பெட்டியின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

“வெறுங்கையோட வந்து நான் என்னப்பா செய்வேன்? இங்க கூட்டிட்டு வா. அதுக்குள்ள இது திறந்திடும்.”

“அவள அசைக்கவே பயமா இருக்கும்மா.”

“இப்ப நான் வெளிய வந்தா இன்னும் மூணு மாசத்துக்கு இது திறக்காது, சடையப்பா. ஓடு.”

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு ஓடினான்.

நாலேகாலுக்கு ட்ரோன் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று அவள் முகத்தைப் படம் எடுத்தது. “இயங்குகிறது. நன்றி, டாக்டர்” என்றது. பெட்டி தானாகத் திறந்துகொண்டது.

அதை அள்ளிக்கொண்டு அவள் வாசலுக்கு ஓடினாள். மலை வளைவில் குமுதாவை ஏற்றிவந்த ஆட்டோ தெரிந்தது. ஹாரன் அடிக்காமல், அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.