மூச்சு விடக்கூடாத இடம்

அவன் விட்ட முதல் அறையிலேயே கடைவாய்ப்பல் ஆடியது. இரண்டாவதில் விழுந்தது.

என் வீட்டில், என் நாற்காலியில், என் ஸ்பீக்கர் வயராலேயே என்னைக் கட்டிப்போட்டிருந்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான்.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் அக்கா இருக்கும் இடம்.

ஒரு கொலையைக் கண்ணால் பார்த்தவள் அக்கா. மறுநாள் காலை கூண்டேறிச் சாட்சி சொல்லப்போகிறவள். அவள் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பட்டப்பகல். அடுக்குமாடி வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. அது இங்கே கேட்டால், நான் அலறுவது அங்கே கேட்காதா? அவனுக்கும் அது உறைத்தது. அலமாரி நிறைய இருந்த இசைத்தட்டுகளைப் பார்த்தான்.

“நீதான் வாராவாரம் ரேடியோவுல, யாருமே கேக்காத ஆளுங்களா தேடிப்புடிச்சு சிபாரிசு பண்றவனாச்சே. சொல்லு, எதப் போடலாம்? நல்லா சத்தமா இருக்கணும்.”

என் பிழைப்பு அதுதான். பெயர் பெற்றவர்களை எவனும் போடுவான். பத்துப் பேர்கூடக் கேட்காமல் போனவர்களைத் தோண்டியெடுத்து, ‘இவரைக் கொஞ்சம் கேளுங்கள்’ என்று ஊரைக் கெஞ்சுவது என் நிகழ்ச்சி.

கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் சேர்ந்து பாடிய தட்டு ஒன்றைச் சொன்னேன். வாயெல்லாம் ரத்தம். ஆனாலும் பழக்கதோஷம், மூன்றாவது பாட்டில் ஒரு கீழ்க்குரல் வரும் கவனி என்று முன்னுரையும் கூடவே வந்துவிட்டது. அதற்கு வயிற்றில் ஒரு குத்து கிடைத்தது.

பாட்டு முழங்கியது. நானும் அலறினேன். யாரும் வரவில்லை.

கீழ்வீட்டுக்காரர் போலீஸ்காரர். அன்று அவருக்கு விடுமுறை, வீட்டில்தான் இருந்தார். குடிவந்த புதிதில் என் பாட்டுச் சத்தத்துக்குத் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். நான் எருமைமாட்டின் மேல் மழை பெய்த மாதிரி இருந்தேன். அலுத்துப்போய் விட்டுவிட்டார். இப்போது மேலே என்ன சத்தம் கேட்டாலும் பைத்தியம் பாட்டுப் போடுகிறது என்றுதான் நினைப்பார்.

அடுத்து, கல்யாணங்களில் சாக்ஸபோன் ஊதிப் பிழைத்த ஒரு பெண்மணியின் ஒரே தட்டு. அது ஓடும்போது என் இடது சுண்டுவிரலை ஒடித்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். அவன் அடி ஒவ்வொன்றும் தாளத்தில் விழுந்தது. சுண்டுவிரல்கூடத் தாளம் விழுகிற இடத்தில்தான் ஒடிந்தது. அவன் உள்ளங்கையும் விரல் நுனிகளும் கல்லாகக் காய்த்திருந்தன. எத்தனை பேரை அடித்த கையோ என்று நடுங்கினேன்.

அக்கா இருக்கும் இடம் தொண்டைவரை வந்துவிட்டது. இன்னும் ஒரு விரல் தாங்குவேன். அதற்கு மேல் சொல்லிவிடுவேன். வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை.

அப்போதுதான் அந்தத் தட்டு ஞாபகம் வந்தது.

நாலு பேர் வெறும் கையால் முரசு வாசித்தது. அட்டையில் பெயர் கிடையாது, முகம் கிடையாது, நாலு ஜோடிக் கைகள் மட்டும். பழைய சாமான் கடையில் கிடைத்தது. வெளிவந்த காலத்தில் ஈ, காக்காய்கூட அதைச் சீண்டவில்லை. இடியாக வாசித்துக்கொண்டே போவார்கள். உச்சத்தில், ஒரு அறிகுறியும் இல்லாமல், நாலு பேரும் சட்டென்று நிறுத்துவார்கள். எட்டு எண்ணும்வரை மயான அமைதி. பிறகு மறுபடி இடி.

அந்த அமைதியில் அலறினால், அது பாட்டு இல்லை என்று போலீஸ்காரருக்குப் புரிந்துவிடும். பிரபலமான தட்டென்றால் இவனும் கேட்டிருப்பான், உஷாராகிவிடுவான். இதைக் கேட்டவன் எவன் இருக்கிறான்?

சொன்னேன். எடுத்தான். அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேசையில் வைத்தான். தட்டைப் போட்டான்.

மோதிர விரலும் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சைச் சேர்த்துவைத்தேன். முரசுகள் ஏறிக்கொண்டே போயின. உச்சம் நெருங்கியது. வாயைத் திறந்தேன்.

அமைதி வருவதற்கு ஒரு கணம் முன்னால் அவன் உள்ளங்கை என் வாயை அடைத்தது.

என் கன்னத்தில் அவன் விரல்கள் மெல்லத் தட்டின. ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டுவரை. முரசுகள் திரும்ப இறங்கிய அதே நொடியில் அந்த விரல்களும் இறங்கின. வலிக்கவேயில்லை.

மேசையில் கிடந்த அட்டையைப் பார்த்தேன். இரண்டாவது ஜோடியில் வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும். என் வாயிலிருந்து விலகிய கையைப் பார்த்தேன். அதிலும் பிளந்திருந்தது.

“இத ரேடியோவுல போட்டியா?”

இரண்டு தடவை போட்டேன் என்றேன். நடுவில் ஓர் அமைதி வரும், தட்டிலேயே அழகான இடம் அதுதான், அங்கே மூச்சுகூட விடாதீர்கள் என்று நேயர்களிடம் சொன்னதையும் சொன்னேன். உயிருக்குப் பயந்து சொன்ன பொய் இல்லை அது.

அவன் ஊசியைத் தூக்கி மறுபடி முதலில் வைத்தான். ஸ்டூலை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டு மேசைமேல் வாசிக்க ஆரம்பித்தான்.

என் விரல்களை ஒடித்த கைகள்தானா இவை? அவ்வளவு அழகாக இருந்தது. அதை நினைத்து எனக்கு ஆத்திரமாக வந்தது.

உச்சம் வந்தது. அவன் கைகள் இரண்டும் அந்தரத்தில் நின்றன.

என் வாயை மூட யாருமில்லை.

மூச்சுகூட விடக்கூடாத இடம். வீடு அதிர அலறினேன்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. எட்டு எண்ணி முடித்துச் சரியான இடத்தில் கைகளை இறக்கினான். கீழ்வீட்டுக்காரர் மேலே ஓடிவந்து கதவை இடித்தபோதும் வாசித்துக்கொண்டுதான் இருந்தான்.