பின்பக்க இடது

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவன் இரண்டு நிமிடம் பல் தேய்ப்பான். மற்ற நாட்களில் அரை நிமிடம்.

பிறகு முகம் கழுவுவான். பாலைக் காய்ச்சுவான். இரண்டு தம்ளர் காபி போடுவான். ஒன்றில் சர்க்கரை கிடையாது.

ஒன்பது மணிக்கு மாமனார் வருவார். செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பார்.

"எங்க, ஈன்னு காட்டுங்க மாப்ள."

ஓய்வுபெற்ற பல் டாக்டர். மகள் செத்துப் பதினோரு மாதமாகியும் மருமகனின் கடைவாய்ப் பல்லை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

காபி முடிந்ததும் இருவரும் ஷெட்டுக்குப் போவார்கள். அங்கே அவனைவிட இருபது வயது மூத்த கார் ஒன்று நிற்கிறது. அவள் வாங்கியது. நகராத வண்டியை இழுத்து வந்து, மூன்று வருடம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து ஓட வைத்தாள். கல்யாண ஆல்பத்தில் மருதாணியைவிட நகத்துக் கிரீஸ்தான் எடுப்பாகத் தெரியும்.

ஒரே ஒரு வேலையை மிச்சம் வைத்துவிட்டுப் போனாள்.

முன் சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் கன்சோலில் ஏழு கண்ணாடிப் பொட்டுகள். அவற்றின் பின்னால் பல்பு கிடையாது. வெளியே இருக்கும் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் பென்சில் முள் கனத்தில் ஒரு ஃபைபர் இழை கிளம்பி, வண்டியின் உடம்புக்குள் ஊர்ந்து வந்து, அந்த விளக்கின் வெளிச்சத்தையே பொட்டில் கொண்டுவந்து காட்டும். பொட்டு மின்னினால் விளக்கு எரிகிறது. இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டாம்.

ஏழும் குருடாகியிருந்தன. இழைகள் மஞ்சளாகி, தொட்ட இடத்தில் ஒடிந்தன.

ஒரு மெக்கானிக் இரண்டு நாளில் மாற்றியிருப்பான். மாமனாரும் மருமகனும் பதினோரு மாதம் எடுத்துக்கொண்டார்கள்.

மாமனாருக்கு அது கார் இல்லை, வாய். பல் பார்க்கும் கண்ணாடியைக் கன்சோலுக்குள் விட்டுத் துழாவுவார். இழையின் முனை சொரசொரப்பாக இருந்தால் வெளிச்சம் ஏறாது என்று, பல்லுக்குப் பாலிஷ் போடும் சக்கரத்தால் அதைத் தீட்டுவார். போன வாரம் கன்சோலைப் பார்த்து, "வலிச்சா கையத் தூக்கு" என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் ஆஸ்பத்திரியில் சொன்ன ஒரு வாக்கியத்தால் வந்தவை.

ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம் தாமதமாக வந்த மாமனார், வராந்தாவில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார். "வண்டிய நானும் நீங்களும் சேர்ந்து முடிக்கணும்னு சொன்னா மாமா" என்றான் அவன். மாமனார் சட்டையை விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல் கருவிப் பெட்டியோடு வந்து நின்றார்.

இன்று கடைசி இரண்டு பொட்டுகள். பின்பக்க இடது, பின்பக்க வலது.

இது முடிந்தால் வண்டி முடிந்தது. வண்டி முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையும் முடிந்தது. அதனால்தான் இருவரும் இன்று இரண்டாவது காபியும் குடித்தார்கள்.

மாமனார் வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். அவன் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து இடது இண்டிகேட்டரைப் போட்டான்.

"பின்னாடி ஜோரா மின்னுது மாப்ள. உள்ள?"

உள்ளே வலது பொட்டு மின்னிக்கொண்டிருந்தது.

வலது இண்டிகேட்டரைப் போட்டான். இடது பொட்டு மின்னியது.

இழைகளுக்கு இடது, வலது என்று சீட்டு ஒட்டியவர் மாமனார்தான். நாற்பது வருடம் அடுத்தவன் வாய்க்கு நேர் எதிரே நின்றவர். தன் இடக்கைப் பக்கம் இருப்பதை வலது என்று எழுதியே பழகிய கை, வண்டியின் பின்னால் நின்றபோதும் அப்படியே எழுதிவிட்டது.

"பழக்க தோஷம் மாப்ள" என்றார் அவர்.

"அது வாய்க்குச் சரி மாமா. நீங்க நின்னது அதோட பின்னாடி."

"எனக்கென்ன தெரியும்? நான் அந்தப் பக்கத்து டாக்டர் இல்லையே."

சொல்லிவிட்டு அவரே டிக்கி மேல் சாய்ந்து சிரித்ததில் வண்டி ஆடியது. உள்ளே உட்கார்ந்திருந்த அவனும் ஆடினான்.

கன்சோலில் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிச் செருகினால் போதும். ஐந்து நிமிட வேலை. மாமனார் ஜன்னல் பக்கம் வந்து குனிந்து, அந்த இரண்டு முனைகளையும் பார்த்தார். அவனும் பார்த்தான்.

"ரெண்டையும் பின்னாடியிருந்து முழுசா உருவித்தான் மறுபடி போடணும் மாமா" என்றான்.

"ஒரு மாசம் ஆகுமா?"

"ரெண்டு."

மாமனார், சொத்தை ஆழமாகப் போயிருக்கிறது என்று சொல்லும் முகத்தோடு தலையாட்டினார்.

"ஆகட்டும். பொண்ணு கடைசி நேரத்துல அப்பன் மேல நம்பிக்கை வச்சு சொல்லிட்டுப் போயிருக்கா. அரைகுறையா விடலாமா?"

"விடக் கூடாது மாமா."

அவர் கை கழுவப் போனார். அவன் இண்டிகேட்டரை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

சின்ன ஆபரேஷன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஸ்ட்ரெச்சர் கதவுக்குள் நுழையும் முன் அவன் காதைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"நான் வீட்டுக்கு வர்ற வரைக்கும் எங்கப்பாவ வண்டிப் பக்கம் விட்டுடாதடா. பல்லப் புடுங்குற மாதிரி எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுடுவாரு."